தைரோகுளோபுலின் 1.8: பயப்படணுமா, நிம்மதியா இருக்கலாமா? குழந்தைகளின் தைராய்டு புற்றுநோயில் ஒற்றை எண் சொல்லாத கதை

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அம்மாவின் போனில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். ‘உங்கள் ரிப்போர்ட் தயார்.’ லிங்கைத் தட்டினால் பிடிஎஃப் திறக்கிறது. தைரோகுளோபுலின்: 1.8. பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘குறைவு’ என்று ஒரு குறி. இருக்க வேண்டிய அளவு 3.5 முதல் 77 வரை என்று அச்சடித்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் உள் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். பத்து மாதங்களுக்கு முன்னால்தான் அவனுக்குத் தைராய்டு புற்றுநோய்க்காக ஆபரேஷன் நடந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கிறது.

‘குறைவுன்னு போட்டிருக்கே, உடம்புல ஏதோ கம்மியாயிடுச்சோ’ என்று அம்மா பயப்படுகிறார். அப்பா கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, ‘தைராய்டை எடுத்த பிறகு இது பூஜ்யமா இருக்கணுமாம்’ என்று இன்னும் பெரிதாகப் பயப்படுகிறார். விஷயம் கேள்விப்பட்ட மாமா போன் செய்து, ‘ரேஞ்சுக்குக் கீழதானே இருக்கு, நல்லதுதானே’ என்கிறார். ஒரே தாள், மூன்று தீர்ப்பு.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்தத் தாள் கற்பனை இல்லை. இதே மாதிரியான ரிப்போர்ட்டுகள்தான் தைராய்டு புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கின்றன. அந்த மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டால், பதில் கொஞ்சம் எரிச்சலூட்டும்: அந்தத் தாளை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. டாக்டராலும்கூட.

சமையல் நின்ற வீட்டில் தாளிக்கிற வாசனை

முதலில் இந்தத் தைரோகுளோபுலின் என்ன என்று பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, தன் ஹார்மோனைத் தயாரிக்கப் பயன்படுத்தும் புரதம் இது. இதை உடம்பில் தைராய்டு செல்கள் மட்டும்தான் உருவாக்கும். கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். எனவே நலமாக இருக்கும் யாருடைய ரத்தத்திலும் இது இருக்கும். அந்த 3.5 முதல் 77 வரை என்ற கணக்கு, கழுத்தில் தைராய்டு இருப்பவர்களுக்கானது.

குழந்தைகளுக்கு வரும் தைராய்டு புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ‘பாப்பிலரி’ என்ற வகை. இந்தப் புற்றுசெல்கள் தங்கள் பூர்வீகத்தை முழுசாக மறப்பதில்லை. தைராய்டு செல்களைப் போலவே தைரோகுளோபுலினை உருவாக்கும், அயோடினை உறிஞ்சும். ஆகவே, சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மிச்சம் மீதி செல்களைக் கதிரியக்க அயோடின் கொடுத்து அழித்த பிறகு, ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். அடுப்பே பற்ற வைக்காத வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தால், எங்கோ யாரோ சமைக்கிறார்கள் என்று அர்த்தம். தைரோகுளோபுலின் ‘டியூமர் மார்க்கர்’ ஆவது இந்த ஒரு தர்க்கத்தில்தான்.

ஆக, அந்த ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்ற குறிக்கு அர்த்தமே இல்லை. சுரப்பி இல்லாத பையனை, சுரப்பி இருப்பவர்களின் அளவுகோலால் அளந்து கம்ப்யூட்டர் தானாகப் போட்ட குறி அது. மாமாவின் ஆறுதலும் அம்மாவின் பயமும் இந்த ஒரு குறியிலிருந்துதான் வந்தன.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால், கழுத்தில் கட்டி இருக்கிறதே, அது புற்றா என்று தெரிந்துகொள்ள இந்த டெஸ்ட் உதவாது. சாதாரண தைராய்டு வீக்கத்திலும் சாதுவான கட்டியிலும் இது எகிறும். அதற்கு அல்ட்ராசவுண்டும் ஊசி வைத்து செல் எடுக்கும் பரிசோதனையும்தான் வழி. ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ என்று யாராவது தள்ளுபடியில் விற்றால், தைராய்டைப் பொறுத்தவரை அது வீண் செலவு. சுரப்பியில் பாதியை மட்டும் எடுத்த பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைப் படிப்பது கஷ்டம். மிச்சமிருக்கும் நல்ல பாதியே இந்தப் புரதத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் அல்லவா?

அப்போ அந்த 1.8?

சரி, சுரப்பி முழுவதும் எடுத்தாச்சு, அயோடினும் கொடுத்தாச்சு. 1.8 நல்லதா கெட்டதா? இதற்குப் பதில் சொல்ல அதே ரத்தத்தில் எடுத்த இன்னொரு எண் வேண்டும்: டி.எஸ்.எச்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ‘வேலை பார்’ என்ற கட்டளைதான் டி.எஸ்.எச். அது கூடினால் தைராய்டு செல்கள், புற்றுசெல்கள் உட்பட, சுறுசுறுப்பாகி தைரோகுளோபுலினை அதிகமாக வெளியே விடும். அதனால்தான் ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்குத் தினமும் தைராக்சின் மாத்திரை. இல்லாத சுரப்பியின் வேலையை அது பார்க்கிறது, கூடவே டி.எஸ்.எச்சையும் அடக்கி வைக்கிறது. சில சமயம், ஒளிந்திருக்கும் செல் ஏதாவது உண்டா என்று பார்ப்பதற்காக டாக்டர்களே மாத்திரையைச் சில வாரம் நிறுத்தியோ, ஊசி போட்டோ டி.எஸ்.எச்சை 30க்கு மேலே ஏற்றிவிட்டு ரத்தம் எடுப்பார்கள். இது ‘தூண்டப்பட்ட’ அளவு.

டி.எஸ்.எச் 30க்கு மேலே இருக்கும்போது, அதாவது செல்களைத் தட்டி எழுப்பிக் கேட்ட பிறகும், வந்தது 1.8 என்றால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. டி.எஸ்.எச் 0.1இல் அடங்கிக் கிடக்கும்போதே 1.8 வருகிறது என்றால், எங்கோ கொஞ்சம் திசு இருக்கிறது, கவனிக்க வேண்டும். எண் ஒன்றுதான், அர்த்தம் நேர் எதிர். அந்தப் பிடிஎஃப்பில் டி.எஸ்.எச் இரண்டாவது பக்கத்தில் இருந்திருக்கலாம். இல்லை, வேறொரு நாளில் வேறொரு லேபில் எடுத்ததாக இருந்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சொல்லியே ஆக வேண்டும். பையன் மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் இருந்திருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. ஸ்கூல் பஸ் அவசரம். பதினைந்து வயதுக்கே உரிய ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்ளும். டி.எஸ்.எச் ஏறும், கூடவே தைரோகுளோபுலினும் ஏறும், வீடே ‘நோய் திரும்பிடுச்சோ’ என்று கலங்கும். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பத்து நாளாக மாத்திரை அட்டை பென்சில் பாக்ஸில் கிடப்பது தெரியவரலாம்.

பூஜ்யமே பொய் சொல்லும்போது

இதுவரை சொன்னது எண் பயமுறுத்தும் கதை. எண் ஏமாற்றும் கதை இன்னும் ஆபத்தானது.

தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, உடம்பே தைரோகுளோபுலினை எதிரியாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கி வைத்திருக்கும். இந்த ஆன்டிபாடிகள் ரத்தத்தில் மிதக்கும் தைரோகுளோபுலினைப் பிடித்துக்கொள்ளும். லேபில் பொதுவாகப் பயன்படுத்தும் டெஸ்ட், அந்தப் புரதத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துத்தான் எண்ணும். ஏற்கெனவே வேறு யாரோ பிடித்து வைத்திருந்தால் அதனால் கவ்வ முடியாது. விளைவு, ரிப்போர்ட்டில் ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வரும். வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். நோயோ கழுத்து நெறியில் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் தைரோகுளோபுலின் டெஸ்ட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஆன்டிபாடி டெஸ்ட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஒருமுறை எடுத்துப் பார்த்து ‘இல்லை’ என்று வந்ததால் விட்டுவிடலாம் என்பதல்ல, ஒவ்வொரு முறையும். ஆனால் இரண்டும் தனித்தனி டெஸ்ட், தனித்தனிக் காசு. சீட்டில் ஒன்றை மட்டும் எழுதினால் லேப் ஒன்றை மட்டும்தான் செய்யும். ஆன்டிபாடி இல்லாமல் தைரோகுளோபுலினை மட்டும் அச்சடித்துத் தருவது, பாதி எடைக்கல்லை வைத்து அரிசி நிறுத்துக் கொடுப்பதற்குச் சமம். அப்படி ஒரு ரிப்போர்ட்டை லேப்கள் கொடுக்கவே கூடாது. இரண்டையும் ஒரே டெஸ்ட்டாக, ஒரே விலையில் தரச் சொல்வது பெரிய புரட்சிகரக் கோரிக்கை ஒன்றும் இல்லை.

ஆன்டிபாடி இருந்தால் என்ன செய்வது? அப்போது ஆன்டிபாடியே மார்க்கர் ஆகிவிடும். புரதம் சுரக்கும் செல்கள் ஒழிந்துவிட்டால், எதிர்க்க ஆள் இல்லாமல் ஆன்டிபாடியும் மெதுவாக, சில வருடங்களில் தேய்ந்து மறையும். கதிரியக்க அயோடின் கொடுத்த கொஞ்ச காலத்துக்கு அது தற்காலிகமாக ஏறுவதும் உண்டு, அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி ஏறத் தொடங்கினால், அல்லது இல்லாமல் இருந்தது புதிதாக முளைத்தால், கழுத்தை அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தேடிப் பார்க்க வேண்டிய நேரம்.

முடி கொட்டுகிறதென்று பிள்ளைகள் போடும் பயோட்டின் மாத்திரையும் சில வகை டெஸ்ட்களில் தைரோகுளோபுலினைக் குறைத்துக் காட்டும். பயோட்டின் லேப் ரிசல்ட்டுகளைக் குழப்புவது பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017இலேயே எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு முன் அதைக் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடமோ லேபிலோ கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு லேபின் எண்ணும் இன்னொரு லேபின் எண்ணும் ஒத்துப்போகாது என்பதும் இதே ரகம். ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி மெஷினில் போட்டால் இரண்டு விதமாக வரும். ‘ஆஃபர்’ பார்த்து ஒவ்வொரு முறையும் லேப் மாற்றுவது சர்க்கரை டெஸ்ட்டுக்குப் பரவாயில்லை. இதற்கு ஆகாது.

செர்னோபில் குழந்தைகள் சொல்லிக்கொடுத்தது

இந்த எண்ணை எப்படிப் பொறுமையாகப் படிப்பது என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பெரும் பங்கு, ஒரு பேரழிவில் சிக்கிய குழந்தைகளுடையது.

1986 ஏப்ரல் 26. அன்றைய சோவியத் யூனியனில், உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் கலந்த அயோடின்-131 பெலாரூஸ், உக்ரைன், மேற்கு ரஷ்யாவின் புல்வெளிகளில் படிந்தது. பசு மேய்ந்தது, பாலில் வந்தது, குழந்தைகள் குடித்தார்கள். தைராய்டுக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்ற வித்தியாசம் தெரியாது. சில வருடங்களிலேயே பெலாரூஸ் டாக்டர்கள் குழந்தைகளின் கழுத்தில் புற்றுக்கட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1992இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதியபோது மேற்கு நாடுகளில் பலர் உடனே நம்பவில்லை, இவ்வளவு சீக்கிரம் வருமா என்று சந்தேகப்பட்டார்கள். டாக்டர்கள் சொன்னதுதான் உண்மை என்று காலம் காட்டியது. 2005 வரையிலான கணக்கில், அந்தப் பகுதிகளில் அப்போது குழந்தைகளாகவும் பதின்வயதினராகவும் இருந்தவர்களில் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தது. அதில் உயிரிழந்தவர்கள் 15 பேர் என்கிறது ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு.

6,000க்கு மேல், 15. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய் எவ்வளவு விசித்திரமானது என்று புரியும். பெரியவர்களைவிட இவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரும்பாலானோருக்குக் கழுத்து நெறிகளில் ஏற்கெனவே பரவியிருக்கும், கணிசமானவர்களுக்கு நுரையீரலுக்கும் போயிருக்கும். திரும்ப வருவதும் பெரியவர்களைவிட அதிகம். ஆனால் சாவு மிகக் குறைவு. நுரையீரலுக்குப் பரவினால்கூட, வயதை வைத்துப் போடும் அதிகாரபூர்வக் கணக்கில் அது ‘ஸ்டேஜ் 2’க்கு மேல் போவதில்லை. ஆகவே ‘எந்த ஸ்டேஜ்?’ என்று உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு இங்கே பெரிதாக அர்த்தமில்லை. எத்தனை நெறிகளில் பரவியது, சுரப்பியைத் தாண்டி வெளியே ஊடுருவியதா என்பவைதான் திரும்ப வரும் அபாயத்தைத் தீர்மானிக்கின்றன.

பெலாரூஸில் நோய் முற்றிய பிள்ளைகள் பலர் ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே எஸ்ஸன், வூர்ட்ஸ்புர்க் நகரங்களில் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றார்கள். கிறிஸ்டோஃப் ரைனர்ஸ் தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இருநூறுக்கும் மேற்பட்ட அந்தப் பிள்ளைகளில் சுமார் 64 சதவீதம் பேருக்கு நோய் முழுவதும் அடங்கியது. இன்னொரு 30 சதவீதம் பேர் ‘ஏறக்குறைய முழுவதும்’ என்ற வகை. முழுசாக மறைந்துவிட்டது என்று முத்திரை குத்த முடியாத, ஆனால் நோய் முன்னேறவும் செய்யாத ஒரு நடு இடம். பெற்றோரை அதிகம் தூங்கவிடாமல் செய்வது இந்த இரண்டாவது வகைதான். மொத்தக் குழுவிலும் பதிவான ஒரே மரணம் நோயால் அல்ல. சிகிச்சையோடு தொடர்புடைய நுரையீரல் தழும்பால்.

அந்த ஒரு மரணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. நுரையீரலில் பரவிய பிள்ளைக்கு அயோடின் கொடுக்கிறீர்கள். எண் 200இலிருந்து 40, 40இலிருந்து 9 என்று இறங்குகிறது. அடுத்து என்ன? பூஜ்யம் வரும் வரை கொடுத்துக்கொண்டே இருப்பதா? ஒவ்வொரு டோஸும் நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கலாம். இதே ஜெர்மானியக் குழு, பூஜ்யத்தைத் தொடாமலேயே சிகிச்சையை நிறுத்திய பிள்ளைகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் எழுதியது. புதிதாக எந்த டோஸும் கொடுக்காமலேயே அவர்களின் தைரோகுளோபுலின் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனது. முன்பு கொடுத்த சிகிச்சை உள்ளே நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

2015இல் அமெரிக்க தைராய்டு சங்கம் குழந்தைகளுக்கென்றே முதல் முறையாகத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவரை பிள்ளைகளையும் பெரியவர்களுக்கான விதிப்படிதான் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனும் அயோடினும் முடிந்த பிள்ளைக்குத் தூண்டப்பட்ட அளவு 10க்குக் கீழே லேசாகத் தெரிந்தால், அது மிச்ச நோயாக இருக்கலாம், ஆனால் வேறு சிகிச்சை எதுவும் இல்லாமல் தானாகவே இறங்கவும் கூடும் என்று அது சொல்கிறது. அவசரப்பட்டு மறுபடி அயோடின் கொடுப்பதைவிட, அல்ட்ராசவுண்டோடு சேர்த்துப் போக்கைக் கவனிப்பதே நல்லது என்பதுதான் இதன் சாரம்.

எண்ணைத் துரத்துவதன் விலை

‘எதுக்கு ரிஸ்க்? இன்னொரு டோஸ் கொடுத்துடலாமே’ என்று கேட்கத் தோன்றும். பெற்ற மனசு அப்படித்தான் கேட்கும். அதற்கான விலையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. 1940 முதல் 2008 வரை அங்கே பாப்பிலரி தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 215 பிள்ளைகளின் வாழ்க்கையை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் 2 பேர்தான், அதுவும் ஏறக்குறைய 30 வருடம் கழித்து. மொத்தம் இறந்த 22 பேரில் 15 பேரைக் கொன்றது வேறு உறுப்புகளில் வந்த புற்றுநோய். அந்த 15 பேரில் பெரும்பாலோர் ஆபரேஷனுக்குப் பிறகு ஏதோ ஒரு வகைக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அயோடினே வேண்டாம்’ என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. பழைய காலத்தில் கொடுத்த கதிர்வீச்சு வேறு, இன்றைய அளவுகள் வேறு. நுரையீரலுக்குப் பரவிய பிள்ளைக்கு அயோடின் உயிர் காக்கும் மருந்து. குழந்தைகளின் புற்றுசெல்கள் அயோடினைப் பெரியவர்களைவிட நன்றாகவே உறிஞ்சும் என்பது இயற்கை கொடுத்த சலுகை. ஆனால் ஸ்கேனில் எதுவும் தெரியாத, போக்கு ஏறாத, வெறும் 1.8ஐ 0.1 ஆக்குவதற்காக ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு டோஸ் கொடுப்பது வேறு விஷயம். அங்கே வைத்தியம் பையனுக்கு நடப்பதில்லை, தாளுக்குத்தான் நடக்கிறது. அறுபது வருடம் வாழப்போகிறவனுக்கு உமிழ்நீர் சுரப்பி பழுதாவதும், இன்னொரு புற்றின் அபாயம் சிறிதளவு கூடுவதும் சின்ன விலை இல்லை.

அதே சமயம் பொறுமையும் அலட்சியமும் ஒன்றல்ல. ஒரே லேபில், ஒரே மாதிரியான டி.எஸ்.எச்சில், ஆன்டிபாடி இல்லாமல், 0.4, 0.9, 2.1 என்று அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போனால் அது நோய் பேசும் பேச்சு. எண் சிறியதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் முதல் வேலை மருந்து கொடுப்பது இல்லை, இடத்தைக் கண்டுபிடிப்பது. பிள்ளைகளுக்கு நோய் திரும்ப வரும் இடம் பெரும்பாலும் கழுத்து நெறிதான். அனுபவமுள்ள கையால் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் அதைக் காட்டிவிடும், ஆபரேஷனில் எடுத்துவிடலாம்.

இன்னொரு வகையும் உண்டு: மெடுல்லரி. பிள்ளைகளுக்கு அரிதாக வருவது, பெரும்பாலும் ‘ரெட்’ என்ற மரபணுவின் கோளாறால் குடும்ப வழியாக வருவது. அதற்கு மார்க்கர் தைரோகுளோபுலின் அல்ல, கால்சிடோனினும் சி.இ.ஏ-வும். அங்கே எண் எவ்வளவு என்பதைவிட, இரட்டிப்பாக எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால் கவலைக்குரியது, இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தால் நோய் மந்தமாகப் போகிறது. கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே கால்சிடோனின் அதிகம் என்பதால், இங்கேயும் பெரியவர்களின் ரேஞ்சை வைத்துப் படித்தால் அனாவசியமாகப் பதற வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட்டை மறைத்து வைக்கலாமா?

டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் பெற்றோருக்கு ரிப்போர்ட்டே அனுப்பக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. ஏற்க முடியாத வாதம். ரத்தம் பிள்ளையுடையது, காசு பெற்றோருடையது, தகவல் மட்டும் எப்படி வேறு யாருடையதாகவோ இருக்க முடியும்? பூட்டி வைப்பதைவிட, தாளை ஒழுங்காகத் தயாரிப்பது சுலபம். தைரோகுளோபுலின், அதன் ஆன்டிபாடி, டி.எஸ்.எச் மூன்றும் ஒரே பக்கத்தில். எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரம். அதே லேபில் எடுத்த முந்தைய எண்கள். தைராய்டு எடுத்தவர்களுக்கு இந்த ரேஞ்ச் பொருந்தாது என்று தமிழில் ஒரு வரி. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் கலர் கலராக கிராஃப் போடத் தெரிந்த சாஃப்ட்வேருக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆஸ்பத்திரிகளும், ‘ரிசல்ட் வந்ததும் நாங்களே இரண்டு நாளில் கூப்பிடுவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கூப்பிட்டால் அந்த நாலு ராத்திரி இரண்டாகக் குறையும்.

குடும்பத்தின் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது, அது இன்னும் நீளமானது. முதல் இரண்டு, மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்று போகும் இந்த டெஸ்ட், பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியது. முப்பது, நாற்பது வருடம் கழித்துத் திரும்ப வந்த கதைகளும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஆனால் 18 வயதில் குழந்தைகள் பிரிவு ‘இனி நீங்க பெரியவங்க டாக்டரைப் பாருங்க’ என்று அனுப்பிவிடும். அதே வருடம் பையன் காலேஜுக்கு வேறு ஊர் போவான். அதுவரை அம்மா கையில் இருந்த ஃபைல் பீரோவில் தங்கிவிடும். புது ஊர், புது லேப், புது டாக்டர். முன்னால் இருந்த எண்கள் தெரியாமல் அந்த டாக்டர் கையில் கிடைப்பது மறுபடியும் ஒரே ஒரு எண்.

அந்தக் கற்பனை வீட்டுக்கு வருவோம். நாலாம் நாள் டாக்டர் முதலில் கேட்பது, ‘போன தடவை எவ்வளவு?’ என்றுதான். அம்மா வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிப் பார்க்கிறார். நடுவில் கல்யாண அழைப்பிதழ்கள், குட்மார்னிங் படங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய லிங்க் கிடைக்கிறது, தட்டினால் காலாவதி ஆகிவிட்டது என்று வருகிறது. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுக்கிறார். தேதி, லேப் பெயர், தைரோகுளோபுலின், ஆன்டிபாடி, டி.எஸ்.எச் என்று பால் கணக்கு எழுதுவது போலக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். கடைசி வரி 1.8. அதற்கு மேல் வரி 3.1. அதற்கும் மேலே 6.